தோள்பட்டை ஸ்கேன்: நீரையும் அழற்சியையும் கண்டுபிடிப்பது எப்படி?

தோள்பட்டை மூட்டில் கோத்த நீர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தென்படாமல் போவதற்குப் பல நேரம் நம் கைதான் காரணம். கொஞ்சம் அழுத்தினாலும் நீர் ஒதுங்கிவிடும். தோலில் வைத்து ஒலி அலை அனுப்பும் கைக்கருவியான புரோப்பைப் பென்சில் போலப் பிடித்து, சுண்டுவிரலை நோயாளியின் தோலில் ஊன்றுங்கள். கையின் பாரம் விரலில் இறங்கிவிடும். ஜெல் ஒரு கறுப்புப் பட்டையாகத் திரையின் மேற்புறம் தெரிந்தால், பிடி சரி.

சாய்வில்லாத ஸ்டூலில் உட்கார வையுங்கள். முழங்கை மடங்கி, உள்ளங்கை மேலே பார்க்க, கை தொடைமேல் இருக்கட்டும். நேரான முகப்புள்ள லீனியர் புரோப், அதிர்வெண் 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்.

முதலில் முன்பக்கம். புரோப்பைக் குறுக்காக வைத்தால் மேற்கை எலும்பில் ஒரு பள்ளம், அதற்குள் முட்டை வடிவில் வெள்ளையாக பைசெப்ஸ் தசைநாண். அது கறுப்பாகத் தெரிந்தால் உடனே கிழிசல் என்று எழுதிவிடாதீர்கள். புரோப்பை லேசாகச் சாய்த்துப் பாருங்கள், அலை செங்குத்தாக விழுந்ததும் வெள்ளை திரும்பிவிடும். இந்த நாணின் உறை மூட்டின் உள்ளறையோடு இணைந்தது. அதனால்தான் உட்கார்ந்திருப்பவரின் மூட்டு நீர் இங்கே இறங்கித் தேங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் மெல்லிய பிறையாக இருந்தால் இயல்பு. நாணைச் சுற்றி வளையமாக நின்றால் இயல்பல்ல.

அடுத்து பர்சா, அதாவது நாண் உரசாமல் காக்கும் மெல்லிய நீர்ப்பை. பேன்ட்டின் பின் பாக்கெட்டில் கை வைக்கச் சொல்லுங்கள். தோளை மூடிய டெல்டாய்டு தசைக்கும், கையைத் தூக்க உதவும் சூப்ராஸ்பைனேட்டஸ் நாணுக்கும் நடுவே ஓடும் மெல்லிய கோடுதான் அது. 2 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் மறுதோளோடு ஒப்பிடுங்கள். பர்சா, மூட்டு இரண்டிலும் நீர் இருந்தால் நாணில் முழுக் கிழிசலைத் தேடியே ஆக வேண்டும்.

பின்பக்கத்தைப் பலர் பார்க்காமலே எழுந்துவிடுகிறார்கள், அது வருத்தமான விஷயம். தோள்பட்டை எலும்பின் முகட்டுக்குக் கீழே புரோப்பை வைத்து, முன்கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். அதுவரை ஒளிந்திருந்த சிறிதளவு நீரும் அப்போது எட்டிப்பார்க்கும்.

கண்ணில் பட்டது நீரா, வீங்கிய உள்சவ்வா? இப்போது மட்டும் வேண்டுமென்றே அழுத்துங்கள். நீர் நகரும், சவ்வு அவ்வளவாக அசையாது. பிறகு கையை முழுக்கத் தளர்த்தி ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் பவர் டாப்ளர் போடுங்கள், அழுத்தினால் நுண் ரத்தக்குழாய்கள் மூடிக்கொள்ளும். சவ்வுக்குள் நிறம் மின்னினால் அழற்சி தீவிரமாக இருக்கிறது. பைசெப்ஸ் பள்ளத்தின் வெளியோரம் துடிக்கும் சிறு தமனியை அழற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நீரில் சீழ் இருக்கிறதா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. தோள் சூடாக இருந்து காய்ச்சலும் இருந்தால், அன்றைக்கே ஊசி வைத்து நீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.