ஆரம்ப சுகாதாரச் செவிலியர் தேர்வுக்கு எப்படிப் படிப்பது

ஆரம்ப சுகாதாரச் செவிலியர் தேர்வுக்குத் தயாராகும் பலர் பெரிய மருத்துவமனை வார்டை மனதில் வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். வினாத்தாள் கேட்பதோ வேறு. எக்ஸ்ரே இல்லை, பரிசோதனைக் கூடம் இல்லை, மருத்துவர் இன்னும் வந்து சேரவில்லை, எதிரே ஒரு தாயும் மூச்சிரைக்கும் குழந்தையும் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள் என்பதே அதன் கேள்வி. நோய்க்குத் துல்லியமான பெயர் சூட்டுவதைவிட, மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாமா, இங்கேயே வைத்துக் கவனிக்கலாமா, உடனே மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டுமா என்று முடிவெடுப்பதுதான் இந்தப் பணியின் மையம். ஆகவே நோய்வாரியாகப் படித்ததை எல்லாம் முடிவுவாரியாக மாற்றி அடுக்கிக்கொள்வதில்தான் உங்கள் நேரத்தின் பெரும்பகுதி செலவாக வேண்டும்.

நான் முதல் முறை எழுதியபோது உடற்கூறியலுக்கு மட்டும் நான்கு வாரங்களைக் கொடுத்தேன். வினாத்தாளில் அதிலிருந்து வந்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. அந்த ஏமாற்றத்துக்குப் பிறகுதான், புத்தகத்தைத் திறக்கும் முன் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. ஒவ்வொரு வினாவின் ஓரத்திலும் அது எந்தத் தலைப்பைச் சேர்ந்தது என்று ஒரு சொல் எழுதிக்கொண்டே போனால், மூன்று வினாத்தாள் முடிவதற்குள் குழந்தை நலம், தடுப்பூசி, தாய் நலம், தொற்றுக் கட்டுப்பாடு, மருந்தளவுக் கணக்கு ஆகியவை எந்த அளவில் வருகின்றன என்பது தெரிந்துவிடும். உங்கள் கால அட்டவணையை அந்த விகிதத்தில் பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக, தேர்வு எந்த வழிகாட்டு நெறிமுறையை, அதன் எந்த ஆண்டுப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இது சிறிய விஷயம் போலத் தோன்றினாலும் மதிப்பெண்ணைக் கொண்டுபோய்விடும். மூச்சை உள்ளிழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கும் குழந்தையைக் கடுமையான நிமோனியா என்று வகைப்படுத்தி மேல் சிகிச்சைக்கு அனுப்பும்படி பழைய புத்தகங்கள் சொல்லும். உலக சுகாதார அமைப்பு 2014-இல் வெளியிட்ட திருத்தத்தில், அபாய அறிகுறி எதுவும் இல்லாத நிலையில் அதே குழந்தைக்கு வாய்வழி அமாக்சிசிலின் கொடுத்து வீட்டிலேயே சிகிச்சை அளிக்கலாம் என்று மாற்றப்பட்டது. எல்லா நாடுகளும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. எனவே இரண்டையும் தெரிந்து வைத்திருங்கள். விடையை மட்டும் உங்கள் தேர்வுக்குரிய நெறிமுறைப்படி எழுதுங்கள்.

இந்தத் தேர்வில் எண்கள்தான் முடிவுகளைத் தீர்மானிக்கின்றன என்பதால், தனியாக ஒரு சிறு நோட்டில் எல்லை எண்களை மட்டும் எழுதி வாருங்கள். இருமலோடு வரும் குழந்தையின் சுவாச எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் 12 மாதம் நிறையும் வரை 50 அல்லது அதற்கு மேல், 12 மாதம் முதல் 5 வயது நிறையும் வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான சுவாசம். நிமிடத்துக்கு 48 முறை மூச்சு விடும் குழந்தைக்கு வயது 11 மாதம் என்றால் அது வேகமான சுவாசம் ஆகாது. 13 மாதம் என்றால் ஆகும். வினா தயாரிப்பவர்கள் விரும்பி நிற்கும் இடம் இந்த எல்லைக்கோடுதான். எண்ணும் முறையையும் கேட்பார்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கலாம் என்ற தெரிவு கவர்ச்சியாகத் தோன்றும், அது தவறு.

அந்த எண்ணிக்கைக்கும் முன்னதாக நான்கு பொதுவான அபாய அறிகுறிகளைப் பார்த்தாக வேண்டும்: குழந்தையால் பாலோ நீரோ குடிக்க முடியாமை, உட்கொண்டதை எல்லாம் வாந்தி எடுத்தல், வலிப்பு, மயக்கம் அல்லது அசாதாரணச் சோர்வு. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டியவற்றில்தான் தடுமாறுகிறார்கள். நெறிமுறை சொல்லும் மருந்தின் முதல் வேளையைக் கொடுப்பது, ரத்தச் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வது, உடல் குளிராமல் போர்த்துவது, அனுப்புதல் சீட்டு எழுதுவது ஆகிய நான்கும் அந்தச் சில நிமிடங்களில் முடிய வேண்டியவை. “ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருத்தல்” என்ற தெரிவு ஏன் தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

வயிற்றுப்போக்குக்கும் இதே முறையில் படிக்கலாம். ஓரளவு நீரிழப்பு உள்ள குழந்தைக்கு முதல் 4 மணி நேரத்தில் ஒரு கிலோ எடைக்கு 75 மில்லி லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசல் தேவை, 8 கிலோ குழந்தைக்கு 600 மில்லி லிட்டர். கூடவே துத்தநாகம் 10 முதல் 14 நாட்களுக்கு, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதுக்கு 10 மில்லிகிராம். இப்போதைய ஓ.ஆர்.எஸ். கரைசலின் மொத்தச் சவ்வூடு அடர்த்தி லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல், அதில் சோடியமும் குளுக்கோஸும் தலா 75 மில்லி மோல் என்பதையும் நோட்டில் சேர்த்துவிடுங்கள்.

தடுப்பூசிப் பகுதியில் அட்டவணையை மனப்பாடம் செய்வதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். குளிர்பதனச் சங்கிலியில்தான் மதிப்பெண் சிந்துகிறது. தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும் என்பது யாவருக்கும் தெரிந்ததே. குப்பியின் மீதுள்ள, வெப்பம் பட்டால் நிறம் மாறும் வி.வி.எம். அடையாளத்தில் உள்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளிறியிருந்தால் பயன்படுத்தலாம், வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டாலோ அதைவிடக் கருத்துவிட்டாலோ பயன்படுத்தக் கூடாது. ஆனால் அந்த அடையாளம் வெப்பத்தால் நேரும் பாதிப்பை மட்டுமே காட்டும், உறைந்துபோனதைக் காட்டாது. ஹெபடைடிஸ் பி, டி.பி.டி. போன்றவை உறைந்தால் கெட்டுவிடும் என்பதால், சந்தேகம் வந்தால் குலுக்கல் சோதனை செய்ய வேண்டும். அதே தொகுதியைச் சேர்ந்த இன்னொரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து, உருகவிட்டு, இரண்டையும் குலுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படிவு இறங்குவதைக் கவனிக்கிறோம். சந்தேகக் குப்பியிலும் உறையவைத்த குப்பியைப் போலவே படிவு வேகமாக இறங்கினால் அதை ஒதுக்கிவிட வேண்டும். “வி.வி.எம். சரியாக இருக்கிறது, ஆனால் குப்பி உறைபெட்டியை ஒட்டி இருந்தது” என்று ஒரு வினா வந்தால், அது எதைக் கேட்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தாய் நலத்தில் கருவுற்று 20 வாரத்துக்குப் பின் வரும் 140/90 ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும், பிரசவம் ஆனதும் ரத்தப்போக்கைத் தடுக்கத் தசைவழி செலுத்தும் 10 யூனிட் ஆக்சிடோசினும் தவறாமல் வருபவை. அந்த உயர் ரத்த அழுத்தத்தால் வலிப்பு வராமல் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட்டைச் செலுத்தும் முன் ஒவ்வொரு முறையும் முழங்கால் அனிச்சைச் செயல் இருக்கிறதா, சுவாசம் நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லி லிட்டராவது வெளியேறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கணக்குக்குப் பயப்படுகிறவர்கள் நாளுக்கு இரண்டு கணக்கு என்று பழகினால் போதும். 500 மில்லி லிட்டர் திரவத்தை 4 மணி நேரத்தில், ஒரு மில்லி லிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாயில் செலுத்த வேண்டும் என்றால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு வரும். மணியை நிமிடமாக்க மறந்தவருக்கு விடை 2,500 என்று வரும். நிமிடத்துக்கு 2,500 சொட்டு விழும் குழாயை யாரும் பார்த்ததில்லை. வந்த விடையைக் கண்முன் நிறுத்திப் பார்த்தால் இத்தகைய பிழை தானே பிடிபடும். 12 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் 180 மில்லிகிராம்; 5 மில்லி லிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.5 மில்லி லிட்டர், 250 மில்லிகிராம் உள்ளது என்றால் 3.6 மில்லி லிட்டர். வினாவில் எந்தச் செறிவு என்பதை அடிக்கோடிட்ட பிறகே கணக்கைத் தொடங்குங்கள்.

பொதுச் சுகாதாரக் கோட்பாடுகளுக்கு இரண்டு மூன்று நாட்கள் போதுமானவை. ஆரம்ப சுகாதாரப் பராமரிப்புக்கு அடித்தளமிட்ட அல்மா-ஆட்டா பிரகடனம் 1978-இல் வெளியானது, அதைப் புதுப்பித்த அஸ்தானா பிரகடனம் 2018-இல். சிசு இறப்பு விகிதம் உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளுக்கும், தாய் இறப்பு விகிதம் 1,00,000 உயிருள்ள பிறப்புகளுக்கும் கணக்கிடப்படும். தடுப்பூசி முதல்நிலைத் தடுப்பு, அறிகுறியற்றவர்களிடம் செய்யும் புற்றுநோய்ப் பரிசோதனை இரண்டாம் நிலைத் தடுப்பு.

கடைசி ஒரு மாதத்தில் வாரம் ஒரு மாதிரித் தேர்வையாவது முழு நேரக் கணக்கோடு எழுதுங்கள். எழுதி முடித்த பின் மதிப்பெண்ணைக் கூட்டுவதைவிட, தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே காரணத்தைக் குறிப்பதுதான் பயன் தரும்: தெரியவில்லையா, தெரிந்தும் எண் குழம்பியதா, வினாவைச் சரியாகப் படிக்கவில்லையா. என் அனுபவத்தில் மூன்றாவது காரணமே எதிர்பார்ப்பதைவிட அதிகமாக வரும். ஊசி குத்திக்கொண்டால் “முதலில்” செய்ய வேண்டியது சோப்பும் நீரும் கொண்டு கழுவுவது. பிதுக்கி ரத்தம் எடுக்கக் கூடாது. மேலதிகாரியிடம் தெரிவிப்பதும், 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்குவதும் சரியான செயல்களே ஆனாலும் அந்த வினாவுக்கு அவை விடை ஆகா. எனவே மாதிரித் தேர்வில் “முதலில்”, “உடனடியாக”, “தவிர”, “இல்லாதது” ஆகிய சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டுத் தெரிவுகளுக்குள் நுழையுங்கள்; தேர்வறையில் வினாத்தாளில் எழுத அனுமதி இல்லாவிட்டாலும் கண் தானாகவே அந்தச் சொல்லில் போய் நிற்கும்.