ஒரே கிட்டாரில் எல்லாம் வாசிக்க எந்த பிக்கப் அமைப்பு?

ப்ளூஸ், ஃபங்க், ஹெவி ராக் எல்லாவற்றுக்கும் ஒரே எலக்ட்ரிக் கிட்டார்தான் வாங்க முடியும் என்றால் எச்எஸ்எஸ் அமைப்பைப் பாருங்கள். பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள். எச்எஸ்எஸ்-ல் பிரிட்ஜ் பக்கம் (கம்பிகள் கிட்டாரின் உடலில் பொருந்தும் இடம்) இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் (H), நடுவிலும் நெக் (கழுத்து) பக்கமும் ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் (S).

சிங்கிள் காயிலின் ஒலி பளிச்சென்று இருக்கும். ஆனால் சுற்றியுள்ள மின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) கூட்டினால் அந்த 'ம்ம்ம்' பூதமாகிவிடும். கிப்சன் நிறுவனத்துக்காக சேத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கரில் இரண்டு காயில்கள். காந்தத் துருவமும் சுருள் சுற்றிய திசையும் எதிரெதிர் என்பதால் இரைச்சல் அடிபட்டுப்போகும், கம்பியின் ஒலி மட்டும் தடித்து வரும். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டு) வாசிக்க அதுதான் சரி.

எந்த பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை சுவிட்சில் நெக்கும் நடுவும் சேரும் நிலையை மறக்காதீர்கள். ஃபங்க் ரிதத்துக்கும் சுத்தமான கார்டுகளுக்கும் என் ஓட்டு அதற்கே.

வாங்கும் முன் காயில் ஸ்ப்ளிட் வசதி உண்டா என்று கேளுங்கள். டோன் குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கரில் ஒரு காயில் மட்டும் வேலை செய்யும். அசல் சிங்கிள் காயில் அளவுக்கு இருக்காது, கொஞ்சம் மெலியும். மேடையில் அது போதும். மெட்டல் இசை மட்டும்தான் என்பவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம், இரண்டு ஹம்பக்கர் போதும்.

அப்புறம், ஹம்பக்கருக்கு மாறும்போது சத்தம் திடீரென எகிறினால் ஆம்ப்ளிஃபயரைத் திருகாதீர்கள். பிக்கப்பின் இருபுற ஸ்க்ரூக்களைத் திருகி, அதைக் கம்பியிலிருந்து கொஞ்சம் கீழே இறக்குங்கள்.