மரத்தை அளந்துவிட்டு கேபினை வரையுங்கள்

மரமில்லாத மலை, தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். சாமி 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். மலை இன்னும் மொட்டைதான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து கிளம்பிப் போய் ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ மரம் நிற்கிற இடம் வாங்குகிறவர்கள், முதல் வேலையாக ஜேசிபியைக் கூப்பிடுகிறார்கள்.

நானும் கூப்பிட்டவன்தான். சரிவைச் சமப்படுத்தி, மிஞ்சிய மண்ணை ஓரத்துப் பலா மரத்தடியில் இரண்டடி உயரத்துக்குக் கொட்ட வைத்தேன். வேருக்குக் காற்று போகவில்லை. இரண்டாம் வருஷம் உச்சிக் கிளை காய்ந்தது, மூன்றாம் வருஷம் மரமே போய்விட்டது. மரத்தைக் கெடுக்காமல் அங்கே சின்னதாக ஒரு தங்குமிடம் கட்டுவது எப்படி என்று அதற்கப்புறம் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன். (தமிழில் 'சின்ன வீடு' என்று எழுதினால் அர்த்தம் எங்கேயோ போய்விடும், அதனால் கேபின் என்றே வைத்துக்கொள்வோம்.)

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கண்டிஷன் பட்டாவா (விற்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனையோடு அரசு கொடுத்த நிலமா), காப்புக்காட்டு எல்லை எங்கே ஓடுகிறது, மலைப்பகுதிக் கட்டட விதிகள் அந்தக் கிராமத்துக்கு உண்டா என்று மூன்றையும் விசாரித்துவிடுங்கள். இடத்தில் சந்தன மரம் நின்றால், உங்கள் பட்டாவாகவே இருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

அப்புறம் ஒரு டேப்பும் சுண்ணாம்புப் பொடியும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் கிளைகள் எதுவரை விரிந்திருக்கிறதோ அதற்கு நேர் கீழே தரையில் வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் மிஷின் இறங்கக் கூடாது, மண்ணும் ஜல்லியும் கொட்டக் கூடாது. எல்லா வட்டமும் போட்டு முடித்த பிறகு நடுவில் மிஞ்சுகிற இடம்தான் உங்கள் கேபின். அது கோணல்மாணலாக இருந்தால் கேபினும் கொஞ்சம் கோணலாகவே இருக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?

கேபினைத் தரையில் உட்கார வைக்காமல் இரும்புப் பைப் கால்களில் நிறுத்துங்கள். 20க்கு 20 அடி கேபின் என்றால் பத்தடிக்கு ஒன்றாக ஒன்பது கால் போதும், பைப் அளவையும் குறுக்குத் தாங்கலையும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள், இதில் மேஸ்திரியின் கண்மதிப்பு வேண்டாம். ஒவ்வொரு காலுக்கும் தனிக் குழி, அதையும் கடப்பாரையால் கையாலேயே தோண்டச் சொல்லுங்கள். கட்டைவிரலைவிடத் தடித்த வேர் தட்டினால் அதை வெட்டாமல் காலை ஓரடி நகர்த்திவிட்டு, தளத்தை அந்தப் பக்கம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொள்ளலாம், ஆனால் நகர்த்தியதை இன்ஜினியருக்குச் சொல்லிவிடுங்கள். பாறை தட்டினால் அதிர்ஷ்டம்: உடைக்காமல் துளை போட்டுக் கம்பி இறக்கி அதன் மேலேயே காலை நிறுத்தலாம். தாழ்வான பக்கத்திலும் தளத்துக்குக் கீழே இரண்டரை அடியாவது இடைவெளி இருக்கட்டும், ஒரு ஆள் துடைப்பத்தோடு உள்ளே போய்வர வேண்டும். சருகு அங்கேதான் வந்து சேரும், மாசியிலிருந்து வைகாசி வரை சருகு இருக்கிற இடத்தில் ஒரு பொறி போதும். பாம்பும் அங்கேதான் படுக்கும்.

இரும்புப் பைப் 20 அடி நீளத்தில் வருகிறது. பத்தடி இடைவெளி சொன்னதற்கு அதுதான் காரணம், வெட்டி வீணாகாது. ஏலகிரிக்குப் போகிற வழியில் 14 கொண்டை ஊசி வளைவு, கீழே வொர்க்ஷாப்பிலேயே பெரிய இரும்புச் சட்டமாக வெல்டிங் செய்துவிட்டால் அதை மேலே கொண்டுவருவதற்குள் உயிர் போய்விடும். துண்டு துண்டாக ஏற்றி மேலே போல்ட் போட்டு முறுக்குங்கள். நாளைக்கு வேண்டாம் என்றாலும் கழற்றி எடுத்துவிடலாம்.

மேற்குச் சுவரை மூடிவிடுங்கள், குளியலறையும் அலமாரியும் அங்கே போகட்டும். வடக்கில் வெயிலே வராது என்று நம்பிப் பெரிய கண்ணாடி வைக்கிறார்கள். நம் பக்கம் ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அங்கிருந்து ஆகஸ்ட் பாதி வரை வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. அதனால் வடக்கிலும் கூரையை மூன்றடி வெளியே நீட்டி விடுங்கள். கூரைக்கு வெறும் தகரம் போட்டால் மேயில் வெந்துபோவீர்கள், நடுவில் ஃபோம் வைத்த ஷீட் போடுங்கள். 400 சதுர அடிக் கூரையில் வருஷத்துக்கு 1,000 மில்லிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 37,000 லிட்டர், அதைப் பிடிக்காமல் விட்டால் அதே தண்ணீர் கேபின் கால்களுக்குக் கீழே மண்ணை அரித்துக்கொண்டு போகும்.

கடைசியாக விளக்கு. ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, 1986-இல் திறந்தது. அதை அங்கே வைத்ததே வானம் இருட்டாக இருந்ததால்தான். வெளி விளக்கெல்லாம் முழங்கால் உயரத்தில், தரையைப் பார்த்து, மஞ்சள் வெளிச்சமாக இருக்கட்டும், படிக்கட்டுக்கு அது தாராளம். மரத்தின் மேல் ஃபோகஸ் லைட் அடிப்பவர்களை மட்டும் நான் மன்னிப்பதில்லை.