தேர்தல் பத்திர லிஸ்ட்ட நாமளே தோண்டுறது எப்படி

எந்த கம்பெனி எந்த கட்சிக்கு எவ்ளோ குடுத்துச்சுன்னு வாட்ஸப்ல வர்ற ஸ்க்ரீன்ஷாட்ட வச்சு சண்டை போடறத விட, ஒரு ஞாயித்துக்கிழமை லேப்டாப்போட உக்காந்தா நீங்களே பாத்துக்கலாம். எக்செல் ஓரளவு தெரிஞ்சா போதும்.

கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா: 2018ல இருந்து ஸ்டேட் பேங்க்ல யார் வேணா பத்திரம் வாங்கி கட்சிகிட்ட குடுக்கலாம், கட்சி 15 நாளுக்குள்ள காசாக்கிக்கும், குடுத்தவன் பேர வெளில சொல்ல வேண்டியதில்ல. 2024 பிப்ரவரி 15ல சுப்ரீம் கோர்ட்ல அஞ்சு நீதிபதிங்க சேந்து இது செல்லாதுன்னுட்டாங்க. லிஸ்ட்ட குடுங்கன்னா பேங்க் ஜூன் 30 வரைக்கும் டைம் கேட்டுச்சு, அதாவது எலெக்‌ஷன் முடிஞ்சப்புறம். கோர்ட் விடல, மார்ச்சுலயே வாங்கி தேர்தல் கமிஷன் சைட்ல போட வச்சுட்டாங்க.

ஃபைல் எடுக்கும்போதே கவனிங்க. மார்ச் 14 போட்டதுல வாங்கினவன் லிஸ்ட் தனி, காசாக்கின கட்சி லிஸ்ட் தனி, ரெண்டுக்கும் முடிச்சு போட வழியே கிடையாது. அத விட்டுட்டு மார்ச் 21 போட்ட ரெண்டு பிடிஎஃப்ப எடுங்க, அதுல தான் பத்திர நம்பர் இருக்கு. 2019 ஏப்ரல் 12க்கு அப்புறம் வாங்கினது மட்டும் தான் இதுல வரும், அதுக்கு முந்தினது வேணும்னா கட்சிங்களே குடுத்த கணக்க கமிஷன் தனியா போட்டிருக்கு (நெறைய கட்சி பேரே சொல்லல, திமுக அதிமுக எல்லாம் சொல்லிருக்காங்க, அதிமுக லிஸ்ட்ல பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸ் கம்பெனி குடுத்தது).

பிடிஎஃப்ப எக்செல்லா மாத்தினதும் நேரா நம்பர வச்சு தேடாதீங்க, எல்லாம் கொழம்பிடும். நம்பருக்கு முன்னாடி ப்ரீஃபிக்ஸ்னு ரெண்டெழுத்து காலம் (column) ஒண்ணு இருக்கும், ஒரு கோடி பத்திரத்துக்கு ஓசி (சிரிக்காதீங்க, நெசமாவே அதான்), பத்து லட்சத்துக்கு டிஎல் (TL), ஒரு லட்சத்துக்கு ஓஎல். ஒரே நம்பர் வேற வேற ப்ரீஃபிக்ஸ்ல வரும், அதனால ரெண்டையும் ஒட்டி புது காலம் ஒண்ணு உண்டாக்கிட்டு ரெண்டு ஷீட்லயும் அத வச்சு விலுக்கப் (VLOOKUP) போடுங்க. இப்ப ஒவ்வொரு பத்திரத்துக்கும் வாங்கினவன் பேரும் கட்சி பேரும் பக்கத்து பக்கத்துல வந்துரும். ஒரு பைவட் போட்டா கூட்டுத்தொகை ரெடி.

ஆனா கூட்டுறதுக்கு முன்னாடி பேர சுத்தம் பண்ணணும், இதுல தான் நெறைய பேர் தப்பு விடறாங்க. முதல் எடத்துல இருக்கற ஃப்யூச்சர் கேமிங், நம்ம லாட்டரி மார்ட்டின் கம்பெனி, லிஸ்ட்ல ஒரே மாதிரி எழுதிருக்காது, எல்லாத்தையும் சேத்தா தான் 1,368 கோடி வரும். அதே மாதிரி ஹைதராபாத் கட்டுமான கம்பெனி மேகா இன்ஜினியரிங் பேர்ல 966 கோடி, ஆனா வெஸ்டர்ன் யூபி பவர் ட்ரான்ஸ்மிஷன்னு ஒண்ணு 220 கோடிக்கு வாங்கிருக்கும், அதுவும் மேகா குரூப் தான். பேர் வேற, மொதலாளி ஒண்ணுன்னா எப்படி கண்டுபிடிக்கிறது? கம்பெனி விவகார அமைச்சக சைட்ல பேர போட்டா ரெஜிஸ்டர் ஆன அட்ரஸும் டைரக்டர் பேரும் வரும், 100 ரூபா கட்டினா பேலன்ஸ் ஷீட்டும் பாக்கலாம். அதுல கடைசி மூணு வருஷ லாபத்த பாருங்க, ஏன்னா முன்னாடி கம்பெனிங்க சராசரி லாபத்துல ஏழரை சதவீதத்துக்கு மேல கட்சிக்கு குடுக்கக்கூடாதுன்னு சட்டம் இருந்துச்சு, 2017ல அத தூக்கிட்டாங்க, நஷ்டத்துல ஓடற கம்பெனி கூட அள்ளி குடுக்கலாம்னு ஆச்சு. லாபத்துக்கு சம்பந்தமே இல்லாத தொகை இருந்தா காசு வேற எங்கிருந்தோ வருதுன்னு சந்தேகப்படலாம். அட்ரஸ் ஒண்ணா இருக்குன்னு மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, 410 கோடிக்கு வாங்கின க்விக் சப்ளை செயின் விஷயத்துல ரிலையன்ஸ் அட்ரஸ் தொடர்பு பத்தி பேச்சு வந்தப்ப அது எங்க துணை நிறுவனமே இல்லன்னு ரிலையன்ஸ் சொல்லிருச்சு.

அடுத்தது தான் முக்கியம், நான் தொகைய விட இத தான் பாப்பேன். அந்த கம்பெனிக்கு கவர்மென்ட்டோட எந்த கையெழுத்து வேணும்னு ஒரு காலம் போட்டு எழுதுங்க. லாட்டரிக்கு மாநில அரசு அனுமதி, தமிழ்நாட்டுல 2003லயே தடை பண்ணியாச்சு. மேகாவுக்கு காளேஸ்வரம் பாசனத் திட்டம், ஜோஜிலா சுரங்கப்பாதைன்னு டெண்டர். கனிமச் சுரங்க கம்பெனிக்கு குத்தகை, மருந்து கம்பெனிக்கு லைசென்ஸ். மேல இருக்கற பேருங்கள பாத்தா சுதந்திர சந்தைல போட்டி போட்டு சோப்பு விக்கறவன விட கவர்மென்ட் பேனாவ நம்பி பொழைக்கறவன் தான் வரிசையா நிக்கிறான். பிஜேபிக்கு 6,000 கோடிக்கு மேல போயிருக்கு, உண்மை, மத்தில இருக்கறவங்க அவங்க. ஆனா மார்ட்டின் காசுல திரிணாமுலுக்கும் திமுகவுக்கும் ஆளுக்கு 500 கோடிக்கு மேல போயிருக்கு. அதனால உங்களுக்கு புடிச்ச கட்சிய மொதல்ல ஃபில்டர் பண்ணுங்க, புடிக்காததுல ஆரம்பிச்சா அங்கயே நின்னுருவீங்க.

அப்புறம் தேதி. ரெய்டு, கைது, டெண்டர் தேதிய பத்திரம் வாங்கின தேதி பக்கத்துல வைங்க. அரபிந்தோ பார்மா டைரக்டர் சரத் சந்திர ரெட்டிய டெல்லி மதுபான கேஸ்ல 2022 நவம்பர் 10 கைது பண்ணாங்க, 15ஆம் தேதி கம்பெனி 5 கோடிக்கு பத்திரம் வாங்கிச்சு, அது பிஜேபிக்கு போச்சு. அதே கம்பெனி தெலங்கானா கட்சி பிஆர்எஸ்ஸுக்கும் தெலுங்கு தேசத்துக்கும் கூட குடுத்திருக்கு, அதையும் சேத்து எழுதுங்க. தேதி அடுத்தடுத்து வந்தா கேள்வி கேக்கலாம், லஞ்சம்னு எழுதிட முடியாது. தனி விசாரணைக்குழு வேணும்னு போன மனுக்கள 2024 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டே ஏத்துக்கல.

பத்திரம் போனப்புறம் இப்ப பாக்க வேண்டியது ரெண்டு. கட்சிங்க வருஷா வருஷம் கமிஷனுக்கு குடுக்கற நன்கொடை அறிக்கை, 20,000 ரூபாக்கு மேல குடுத்தவன் பேர் அதுல இருக்கணும். இன்னொண்ணு கம்பெனிங்ககிட்ட நன்கொடை வாங்கி கட்சிங்களுக்கு பிரிச்சு குடுக்கற ப்ரூடன்ட் மாதிரி தேர்தல் ட்ரஸ்ட்டுங்க அறிக்கை. ட்ரஸ்ட்ல எந்த கம்பெனிகிட்ட வாங்கினோம்னு இருக்கும், எந்த கட்சிக்கு குடுத்தோம்னு இருக்கும், ஆனா யார் காசு எங்க போச்சுன்னு நேரா இருக்காது, தேதியும் தொகையும் வச்சு நீங்க தான் யூகிக்கணும். ட்ரஸ்ட் சொல்ற தொகையும் கட்சி சொல்ற தொகையும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஒத்துப்போகலன்னா கட்சி ஆபீஸுக்கு ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போட்டு பிரயோஜனம் இல்ல, 2013லயே தகவல் ஆணையம் தேசிய கட்சிங்களும் ஆர்டிஐக்குள்ள வரும்னு சொல்லியும் அவங்க கண்டுக்கல. பத்து ரூபா கட்டி தேர்தல் கமிஷனுக்கு போடுங்க.