புதிய கிராபிக்ஸ் கார்டு கொடுக்கும் விலைக்குத் தகுமா: கணக்கிடும் முறை

புதிய கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு வேகமானது என்பதை எவரும் எளிதில் தெரிந்துகொள்ளலாம். அந்த வேகத்தில் எவ்வளவு உங்கள் கணினியில், உங்கள் திரையில் வந்து சேரும் என்பதை மட்டும் நீங்களேதான் அளந்து பார்க்க வேண்டும். ஆகவே விமர்சனங்களைப் படிக்கத் தொடங்கும் முன், இப்போதுள்ள கார்டு எங்கே திணறுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், கேப்ஃபிரேம்எக்ஸ் போன்ற இலவச மென்பொருள்களே போதும். நீங்கள் அதிகமாக விளையாடும் இரண்டு மூன்று கேம்களை வழக்கமான செட்டிங்கிலேயே திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரே பாதையில் சில நிமிடங்கள் நகர்ந்து, சராசரி பிரேம் எண்ணிக்கை (கார்டு நொடிக்கு வரையும் படங்கள்), மிக மெதுவான 1 சதவீதப் பிரேம்களின் வேகம், கார்டின் பயன்பாட்டுச் சதவீதம், கார்டின் நினைவகப் பயன்பாடு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வி-சிங்க் (பிரேம்களைத் திரையின் வேகத்தோடு ஒத்திசைக்கும் வசதி), பிரேம் வரம்பு இரண்டையும் அப்போது அணைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு ஓய்வாக இருப்பது போன்ற பொய்த்தோற்றம் கிடைக்கும்.

கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், வேகத்தைக் கட்டுப்படுத்துவது கார்டுதான் என்று கொள்ளலாம். அது 60, 70 சதவீதத்தில் தங்கிவிட்டால் பெரும்பாலும் பிராசஸர்தான் பின்தங்குகிறது. பிராசஸரின் மொத்தப் பயன்பாடு 40 சதவீதம்தானே என்று நினைத்து இதைத் தள்ளிவிடக் கூடாது. பல கேம்கள் பிராசஸரின் ஓரிரு கோர்களையே (தனித்தனிக் கணிப்புப் பகுதிகளையே) பெரிதும் நம்பியிருப்பதால், மற்ற கோர்கள் சும்மா இருக்கும்போதே அந்த ஒரு கோர் முழுச் சுமையில் தவித்துக்கொண்டிருக்கும். ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. வேறு எதையும் மாற்றாமல் ரெசல்யூஷனை (படத்தின் பிக்சல் எண்ணிக்கையை) மட்டும் ஒரு படி குறைத்து, அதே பாதையில் மீண்டும் ஓடுங்கள். பிரேம் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்தால் கார்டை மாற்றுவதில் பொருள் இருக்கிறது. அசையாமல் நின்றால், எத்தனை விலையுயர்ந்த கார்டைப் பொருத்தினாலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான் கிடைக்கும். காட்சித் தரத்தை மட்டும் உயர்த்திக்கொள்ளலாம்.

அடுத்தது, சதவீதங்களை எப்படிப் படிப்பது என்பது. 50 சதவீத வேக உயர்வு என்பது எல்லா இடத்திலும் ஒரே அளவு பயன் தருவதில்லை. நொடிக்கு 40 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 25 மில்லிநொடி ஆகிறது. அது 60 ஆகும்போது 16.7 மில்லிநொடியாகக் குறைகிறது, மிச்சம் 8.3 மில்லிநொடி, அதைக் கண்ணும் கையும் உடனே உணரும். அதே 50 சதவீதம் 120-ஐ 180 ஆக்கும்போது மிச்சமாவது 2.8 மில்லிநொடிதான். போட்டி விளையாட்டுகளில் ஊறியவர்களுக்கு அதுவும் முக்கியமாக இருக்கலாம். கதை சார்ந்த கேம்களை விளையாடுபவர்கள் அதற்காகப் பெரும் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிப்பது) என்றால், அதற்கு மேல் உருவாகும் பிரேம்கள் திரையில் முழுமையாகத் தெரிவதே இல்லை. ரெசல்யூஷனும் கணக்கில் வர வேண்டும். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள், 1440பி திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். 4கே-யில் எடுத்த ஒப்பீட்டைப் பார்த்து 1080பி திரைக்குக் கார்டு வாங்கினால், காட்டிய வித்தியாசத்தில் பெரும்பகுதி வீட்டுக்கு வராது.

நினைவகம் தனிக் கதை. சராசரி நன்றாக இருந்தும் இடையிடையே காட்சி உறைந்து நகர்வது, டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) மங்கலாகவே நிற்பது போன்றவை கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டதற்கான அறிகுறிகள். டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறைத்ததும் அவை மறைந்தால் சந்தேகம் உறுதியாகிறது. புதிய கார்டில் நினைவகம் கூடியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்: 2021-இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 முதலில் 12 ஜிபியுடன் வந்தது, அதற்கு அடுத்த தலைமுறையான ஆர்டிஎக்ஸ் 4060, 2023-இல் 8 ஜிபியுடன்தான் வந்தது. பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்பவர்களுக்கும், செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைத் தம் கணினியிலேயே ஓட்டுபவர்களுக்கும் இது இன்னும் முக்கியம். கோப்பு நினைவகத்துக்குள் அடங்காவிட்டால் வேகம் பல மடங்கு சரியும், அல்லது வேலையே ஓடாது.

விளம்பர வரைபடங்களில் பிரேம் ஜெனரேஷன் (இடையில் செயற்கைப் பிரேம்களைச் சேர்ப்பது) சேர்ந்திருக்கிறதா என்று அடிக்குறிப்பைப் படித்துவிடுங்கள். 2025 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 5070-ஐ அறிவித்தபோது, அது ஆர்டிஎக்ஸ் 4090-க்கு இணையான வேகம் தரும் என்று என்விடியா கூறியது. உண்மையாக வரையப்படும் ஒவ்வொரு பிரேமுக்கும் மூன்று பிரேம்கள் வரை செயற்கையாகச் சேர்க்கும் டிஎல்எஸ்எஸ் 4 வசதியை வைத்துச் சொன்ன கணக்கு அது. அப்படிச் சேரும் பிரேம்கள் அசைவை மென்மையாக்கும். ஆனால் மவுஸை நகர்த்தியதற்கான மறுமொழி உண்மைப் பிரேம்களில்தான் வருகிறது. எனவே அந்த வசதியை அணைத்துவிட்டு எடுத்த எண்களை மட்டும் ஒப்பிடுங்கள், அந்த வசதியைக் கூடுதல் நன்மையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விலை. கார்டின் விலையிலிருந்து பழைய கார்டை விற்றால் கிடைக்கும் தொகையைக் கழித்து, உடன் வரும் செலவுகளைக் கூட்ட வேண்டும். மதர்போர்டின் ஸ்லாட் 75 வாட் வரை தரும், 8 முனை இணைப்பு ஒவ்வொன்றும் 150 வாட் தரும். ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட் போதும், ஆர்டிஎக்ஸ் 4090-க்கோ 450 வாட் வேண்டும் என்பதிலிருந்தே, பவர் சப்ளையையும் மாற்ற நேரிடுமா என்பதை ஊகிக்கலாம். கார்டின் நீளம் கேபினெட்டுக்குள் அடங்குமா என்று அளவுநாடாவால் அளந்துவிடுங்கள். பழைய பிசிஐஇ 3.0 (கார்டு பொருந்தும் ஸ்லாட்டின் தரநிலை) மதர்போர்டு வைத்திருப்பவர்கள், கார்டு எத்தனை லேன்களை (தரவு செல்லும் பாதைகளை) பயன்படுத்துகிறது என்றும் பார்க்க வேண்டும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல நான்கு லேன் மட்டுமே உள்ள கார்டுகள் அங்கே தெளிவாகவே வேகம் இழக்கின்றன. (மின்கட்டணம் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: 100 வாட் கூடுதலாக, தினமும் மூன்று மணி நேரம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 110 யூனிட்.)

இப்படி வந்த நிகரச் செலவை, உங்கள் ரெசல்யூஷனில் உங்கள் கேம்களில் கிடைக்கும் உயர்வோடு ஒப்பிடுங்கள். ஒரே செட்டிங்கில் 30 சதவீதத்துக்குக் குறைவான உயர்வுக்குப் பணம் செலவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 50 சதவீதத்தைத் தாண்டினால்தான் யோசிக்கத் தொடங்குவேன். அதற்கும் முன், நிழல், பனிமூட்டம், ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணித்து வரைவது) ஆகிய மூன்றையும் ஒரு படி குறைத்து, கேமில் எஃப்எஸ்ஆர் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் ஏஎம்டியின் வசதி) இருந்தால் அதன் தரமான நிலையை இயக்கிப் பாருங்கள். எஃப்எஸ்ஆரின் முதல் மூன்று தலைமுறைகள் பிற நிறுவனங்களின் பழைய கார்டுகளிலும் இயங்குபவை. அதிலேயே குறை தீர்ந்துவிட்டால், இன்னும் ஒரு தலைமுறை காத்திருக்கலாம்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், திருப்பிக் கொடுக்கும் கால அவகாசம் உள்ள இடத்தில் வாங்குங்கள். பழைய டிரைவரை நீக்கிப் புதியதை நிறுவி, முதலில் குறித்துவைத்த அதே பாதையில் அதே செட்டிங்கில் மறுபடி ஓடுங்கள். எதிர்பார்த்த உயர்வில் பாதிகூட வரவில்லை என்றால், அவகாசம் முடிவதற்குள் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடலாம்.