ஃபோர் வீல் போட்டும் முன்சக்கரம் இழுக்கவில்லையா? இப்படிப் பாருங்கள்

லீவரை 4ஹெச்சில், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் நிலையில் போட்டாயிற்று, டாஷ்போர்டில் விளக்கும் எரிகிறது. ஆனால் சேற்றில் பின்சக்கரங்கள்தான் மண்ணை வாரி அடிக்கின்றன, முன்சக்கரம் அசையவே இல்லை. உடனே டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) போய்விட்டது என்று முடிவுகட்டி அதைக் கழற்றச் சொல்பவர்கள் உண்டு. பொறுங்கள். பல நேரம் கோளாறு அங்கே இல்லை, சக்கரத்தின் நடுவில், சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டும் ஹப்பில் இருக்கும்.

இந்தப் பதிவு ஜிப்சி, ஜிம்னி, தார் மாதிரி, வேண்டும்போது மட்டும் முன்சக்கரத்தை இணைத்துக்கொள்ளும் வண்டிகளுக்கு. தானாகவே நாலு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் ஏடபிள்யூடி கார்களின் கதை வேறு.

சக்தி போகும் பாதையை மனதில் வைத்துக்கொண்டால் போதும். கியர்பாக்ஸிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸ், அங்கிருந்து முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (முன்பக்கம் போகும் நீளமான சுழல் தண்டு), பிறகு முன் கிரவுன் (சுழற்சியை இரண்டு பக்கமும் திருப்பும் பல்சக்கரத் தொகுதி), ஆக்சில் (சக்கரத்துக்குப் போகும் தண்டு), கடைசியில் ஹப். டாஷ்போர்டு விளக்கை எரிய வைக்கும் சுவிட்ச் பல வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸில்தான் இருக்கிறது. அதைத் தாண்டி ஹப் பூட்டியதா இல்லையா என்பது அந்த விளக்குக்குத் தெரியாது. விளக்கு எரியாவிட்டாலும் அப்படித்தான்: சுவிட்ச் மட்டும் பழுதாகி, ஃபோர் வீல் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கலாம்.

முதலில் கண்ணால் பாருங்கள்

வண்டிக்கு அடியில் குனிந்து முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். மைலேஜ் கிடைக்கும் என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய ஜிப்சி வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கையால் திருப்பும் ஹப் என்றால் இரண்டு பக்கமும் குமிழ் லாக் என்ற குறியில் முழுதாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் லாக் ஆனால் பாதி இழுவையாவது கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், எதுவுமே கிடைக்காது. கிரவுனுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியல், எந்தப் பக்கம் லேசாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் சுழற்சியை விட்டுவிடும். பூட்டாத பக்கத்து ஆக்சில் ஹப்புக்குள் சும்மா சுற்றும், சக்கரம் இரண்டும் நிற்கும்.

ஜாக்கி வைத்துச் சோதிப்பது

சமதளமான மண் தரையில் ஹப்புகளைப் பூட்டி, 4ஹெச் போட்டு, வண்டியை நாலைந்து அடி மெல்ல நகர்த்துங்கள். பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள இந்த அசைவு வேண்டும். லீவரை 4ஹெச்சிலேயே விட்டு இன்ஜினை அணையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. சக்கரம் தூக்கியிருக்கும்போது இன்ஜினை ஓட்டவே கூடாது. தரையில் இருக்கும் சக்கரம் இழுத்து வண்டி ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும்.

இப்போது தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கொஞ்சம் ஆடிவிட்டு இறுகி நின்றால் ஃபோர் வீல் இணைந்திருக்கிறது. நிற்காமல் சுற்றினால் உள்ளே எது கூடச் சுற்றுகிறது என்று பாருங்கள், இன்னொருவர் டார்ச் பிடித்தால் நல்லது. சக்கரம் மட்டும் சுற்றி ஆக்சில் நின்றால், இந்தப் பக்கத்து ஹப் பூட்டவில்லை. ஆக்சிலும் சுற்றி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் மட்டும் நின்றால் எதிர்ப்பக்கத்து ஹப் பூட்டவில்லை. புரொப்பெல்லர் ஷாஃப்டும் சேர்ந்து சுற்றினால்தான் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் போக வேண்டும். அடுத்த பக்கத்துச் சக்கரத்தையும் இதே மாதிரி தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

ஹப்தான் என்றால்

கையால் திருப்பும் ஹப்பில் பெரும்பாலும் காய்ந்த கிரீஸும் தண்ணீர் புகுந்த துருவும்தான் காரணம். மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் லேசாகத் தடவி மாட்டினால் சரியாகிவிடும். லேசாக என்பதைக் கவனியுங்கள். அப்பி வைத்தால் உள்ளே நகர வேண்டிய வளையம் மறுபடி திணறும்.

ஜிம்னியில் ஹப்பைப் பூட்டுவது காற்று உறிஞ்சல், அதாவது வேக்யூம். அதன் குழாய்கள் முன்சக்கரத்துக்கு அருகே ஓடுவதால் கல்லும் குச்சியும் பட்டுக் கிழியும், கழன்றும் போகும். எல்லாச் சக்கரமும் தரையில் இருக்க, நியூட்ரலில், ஹேண்ட் பிரேக்கோடு இன்ஜினை ஓட விட்டு ஹப்புக்கு வரும் குழாய்நுனியில் விரலை வையுங்கள். உள்ளே இருப்பவர் லீவரை 4ஹெச்சுக்குத் தள்ளியதும் விரலை உறிஞ்ச வேண்டும். அது சில நொடிதான் இருக்கும், அதனால் முன்கூட்டியே விரலை வைத்துக் காத்திருங்கள். உறிஞ்சல் வந்தும் பூட்டவில்லையென்றால் ஹப்பின் சீல் போயிருக்கலாம். வரவே இல்லையென்றால் குழாய் வழியே பின்னோக்கிப் போய் சோலனாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) வரை பாருங்கள்.

2020-ல் வந்த தாரில் இந்த வேலையை முன் ஆக்சிலில் இருக்கும் மின் அமைப்பு செய்கிறது. அங்கே ஃபியூஸ், பிறகு தண்ணீர் பட்டுப் பச்சை பூத்த கனெக்டர், இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் என்றால்

ஒருவர் லீவரைப் போட, இன்னொருவர் கீழே பார்க்கட்டும், இன்ஜின் அணைந்திருக்கும்போது. லீவர் போகிறது, அடியில் இருக்கும் கம்பி முழுதாக நகரவில்லை என்றால் கம்பியின் மூட்டில் இருக்கும் சின்ன வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது. சின்னச் செலவு. பட்டன் வகை வண்டியில் பட்டனைத் திருப்பியதும் கேஸில் இருக்கும் மோட்டார் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், கனெக்டர், பேட்டரி வோல்டேஜ், இந்த வரிசையில் பாருங்கள். ஆயில் அளவு பார்த்து மாற்றும்போது ஊற்றும் துளையின் நட்டை முதலில் திறந்துவிட்டு, அப்புறம்தான் வடிக்கும் நட்டில் கை வைக்க வேண்டும். எல்லாவற்றையும் வடித்த பிறகு மேல் நட் திறக்காமல் போனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

இதெல்லாம் சரியாக இருந்து, கேஸுக்குள் கரகரவென்று சத்தமும் வந்தால், அதை நல்ல பட்டறையில்தான் பிரிக்க வேண்டும். "ஹப்பும் லீவர் கம்பியும் பார்த்துவிட்டேன், ஃபோர் ஹெச்சில் முன் ஷாஃப்ட் கையால் சுற்றுகிறது" என்று சொல்லி வண்டியை விடுங்கள்.

சரிசெய்த பிறகு ஃபோர் வீலைத் தார்ச்சாலையில் போட்டுப் பார்க்க வேண்டாம். பிடிப்புள்ள சாலையில் வளைவுகளில் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும், முடியாமல் ஷாஃப்டுகள் முறுக்கேறி லீவர் 2ஹெச்சுக்கு, அதாவது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலைக்குத் திரும்பாது. அப்படி மாட்டிக்கொண்டால் லீவரோடு மல்லுக்கட்டாமல், ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சில அடி ரிவர்ஸ் எடுங்கள், தானாக விடும். ரிவர்ஸ் எடுத்தும் அடிக்கடி மாட்டுகிறது என்றால் முன், பின் டயர்களின் அளவும் தேய்மானமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.