காளான் படுக்கைக்கு ஏற்ற பொருளைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டில் காளான் வளர்க்கத் தொடங்குவோர் நல்ல வித்து, அதாவது தானியத்தில் வளர்த்த காளானின் வெள்ளை இழை, எங்கே கிடைக்கும் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். வித்து முக்கியமே. ஆனால் படுக்கை (வைக்கோல் போன்ற பொருளையும் வித்தையும் நிரப்பிக் கட்டிய பை) கெட்டுப்போவதற்கு, அந்த வித்தை எதன்மீது தூவினோம் என்பதே பெரும்பாலும் காரணமாக அமைகிறது.

பொருளைத் தேடும் முன் எந்தக் காளானை வளர்க்கப்போகிறோம் என்று முடிவுசெய்ய வேண்டும். மொட்டுக் காளான் நன்கு மக்கிய கம்போஸ்ட் உரத்தையும், காய்க்கும் பருவத்தில் 14 முதல் 18 டிகிரி வரையிலான குளிர்ச்சியையும் கேட்கும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் இல்லாதவர்கள் அதை விட்டுவிடலாம். பால் காளான் சமவெளியின் கோடையைத் தாங்கும். வைக்கோலிலேயே வளரும் என்றாலும், இழை படர்ந்தபின் மேலே வேகவைத்த மண் போர்த்த வேண்டும். சிப்பிக்காளானுக்கு மண்ணும் வேண்டாம், உரமும் வேண்டாம். தாவரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் கடினமான லிக்னினையும் சிதைத்து உண்ணக்கூடியது என்பதால், காய்ந்த தாள், தட்டை, சக்கை எதிலும் அது பிழைத்துக்கொள்ளும். முதன்முறை வளர்ப்பவர்களுக்கு அதுவே ஏற்றது. இனி வருவன அதைப் பற்றியவை.

சத்து மிகுந்த பொருளில் காளான் கூடுதலாக விளையும் என்று நினைப்பது இயல்பு. நானும் அப்படி நினைத்து, ஒருமுறை வைக்கோலோடு இரண்டு கைப்பிடி அரிசித் தவிடு கலந்து வெந்நீரில் மட்டும் வேகவைத்துப் படுக்கை போட்டேன். ஆறாம் நாள் பைக்குள் வித்தைச் சுற்றிப் பாசி நிறத்தில் திட்டுத்திட்டாகப் பச்சைப்பூசணம் எழுந்தது. பத்தாம் நாள் பை முழுவதையும் குப்பைக் குழியில் புதைக்க வேண்டியதாயிற்று. தவிட்டிலுள்ள மாவுச்சத்தும் தழைச்சத்தும் காளானுக்கு மட்டுமல்ல, அதைவிட வேகமாகப் பரவும் பூசணங்களுக்கும் விருந்து. பிரஷர் குக்கரின் வெப்பத்தில் முழுமையாகக் கிருமி நீக்க வசதி இருந்தால் மட்டுமே தவிடு சேர்க்கலாம். வைக்கோலின் ஏழ்மையே அதன் தகுதி: பிற பூசணங்கள் எளிதில் எடுத்துக்கொள்ளும் உணவு அதில் குறைவு; சிப்பிக்காளான் சிதைத்து உண்ணக்கூடிய உணவோ நிறைய இருக்கிறது.

எல்லா வைக்கோலும் ஒன்றல்ல. அண்மைப் பருவத்தில் அறுத்து, மழைபடாமல் காய்ந்து, பொன்னிறம் மாறாமல் இருப்பதை வாங்க வேண்டும். ஒரு பிடி எடுத்து முகர்ந்தால் காய்ந்த புல்லின் வாசம் வர வேண்டும்; புழுங்கல் நெடி அடித்தாலோ, உதறும்போது கரும்பொடி பறந்தாலோ, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திருப்பிவிடுவது நல்லது. நனைந்து கிடந்த போரின் வைக்கோலில் நாம் விதைக்காத குடைக்காளான்கள் முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை படுக்கைக்குள்ளும் வரும். இயந்திரத்தில் அறுத்த வைக்கோல் நொறுங்கியிருப்பதால், அதிக நீரை உறிஞ்சிப் பைக்குள் அமுங்கிவிடுகிறது. கையால் அறுத்து அடித்த தாள் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். அந்த நெல்லுக்குக் கடைசியாக என்ன மருந்து அடித்தார்கள் என்று விவசாயியிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம். பூசணக்கொல்லி அடித்த தாளில் காளான் மட்டும் எப்படித் தழைக்கும்?

வைக்கோல் கிடைக்காத ஊர்களில் சோளத்தட்டை, கரும்புச்சக்கை, காய்ந்த வாழைச்சருகு, மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர் ஆகியவற்றை நறுக்கியோ இடித்தோ பயன்படுத்தலாம். கரும்புச்சக்கையில் எஞ்சியிருக்கும் சர்க்கரை பூசணத்தை அழைக்கும் என்பதால், அதை இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழிய வேண்டும். தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைத்தாலும் தனியே பயன்படாது. நீரைப் பிடித்துக்கொண்டு காற்றை அடைத்துவிடும். மரத்தூளில் பிசின் மிகுந்த மரங்களின் தூள் ஆகாது. எந்த மரம் என்று மரப்பட்டறையில் சொல்ல முடியாவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.

தேர்ந்த பொருளும் ஈரம் தவறினால் வீண். வைக்கோலை 3 முதல் 5 செ.மீ. அளவில் நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, 80 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்தி வைத்து, வடித்தபின் சுத்தமான துணியில் நிழலில் பரப்ப வேண்டும். ஒரு பிடியை இறுகப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. ஆனால் உள்ளங்கை ஈரமாக வேண்டும். கைப்பழக்கம் வரும்வரை தராசை நம்பலாம். ஒரு கிலோ உலர்ந்த வைக்கோல் இந்த நிலையில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிற்கும். மூன்று கிலோவைத் தாண்டினால் இன்னும் சற்று நேரம் உலர்த்துங்கள். ஈரம் மிகுந்த பையின் அடியில் நீர் தேங்கிப் புளித்த நாற்றம் எடுக்கும்.

புதிய பொருள் ஒன்றைச் சோதிக்க விரும்பினால், முழுப் படுக்கையையும் அதில் போட்டுவிடாமல், ஒரே புட்டி வித்தை இரண்டாகப் பகிர்ந்து, ஒரே நாளில் ஒரு சிறு பை வைக்கோலிலும் மற்றொன்று அந்தப் பொருளிலுமாகக் கட்டி, தேதி எழுதி, அருகருகே தொங்கவிடுங்கள். சில நாள்களில் வித்தைச் சுற்றி வெள்ளை இழை பஞ்சுபோல் விரியத் தொடங்கும். பதினைந்து இருபது நாள்களில் எந்தப் பை முழுதும் வெளுக்கிறது என்பதைப் பார்த்தே முடிவுசெய்யலாம். இடையில் ஒன்றில் பச்சை தென்பட்டால், அதை அங்கேயே பிரித்துப் பார்க்காமல், அப்படியே வெளியே எடுத்துச் சென்றுவிடுங்கள்.